போத்தலில் எழுதிய ஆண்டு
முந்திரிகை அறுவடையும் வானிலையும் – ஒரு விவசாயப் பாடம்



வெளிநாட்டு வைன் போத்தல்களில் ஒட்டப்பட்டிருக்கும் தாளைக் கவனித்தால், ஊரின் பெயரோடு ஓர் ஆண்டும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அது போத்தலில் அடைத்த ஆண்டு அன்று. பழம் பறித்த ஆண்டு. எமது சந்தையில் நெல்லையோ வெங்காயத்தையோ எந்த ஆண்டில் விளைந்தது என்று எழுதி விற்பவர் எவருமில்லை. முந்திரிகை இரசத்திற்கு மாத்திரம் ஏன் அந்த ஆண்டு முக்கியமாகின்றது? ஒரே தோட்டம், ஒரே கொடி, ஒரே கமக்காரன். அப்படியிருந்தும் ஓராண்டின் இரசம் பெரும் விலை போகின்றது. அடுத்த ஆண்டினதை வாங்க ஆளில்லை. இந்த வேறுபாட்டைச் செய்வது வானிலை. அது எவ்வாறு செய்கின்றது என்பதை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் இரண்டு விளக்கங்கள். யாழ்ப்பாணத்தில் நாம் முந்திரிகை என்று சொல்வதும் வேதாகமத்தில் திராட்சை என்று வாசிப்பதும் ஒன்றே. கஜு தரும் மரமுந்திரிகை வேறு. அடுத்து, இது குடியைப் பற்றிய பாடம் அன்று. குடி எமது குடும்பங்களுக்குச் செய்த கேட்டினை நாம் அறிவோம். ஆயினும் திருப்பலியில் ஒப்புக்கொடுக்கப்படும் இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்தே வரவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். அதனால் துறவு மடங்களும் ஆலயங்களும் பல நூற்றாண்டுகளாக இப்பயிரைப் பராமரித்து வந்தன. அவர்களும் அவர்களைச் சூழ வாழ்ந்த கமக்காரர்களும் வானிலையைப் பற்றிக் கற்றவற்றுள் எமக்கும் பயன்படக்கூடியவை உண்டு.

1. பழத்திற்குள் சேர்வது என்ன?

நல்ல இரசத்திற்கு வெளியிலிருந்து தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தின் சாறே புளித்து இரசமாகின்றது. ஆகவே பழத்திற்குள் சேர்ந்திருப்பவற்றைப் பொறுத்தே இரசமும் அமையும். முக்கியமானவை நான்கு.

முதலாவது சீனி. இலை வெயிலைப் பெற்றுச் சீனியை ஆக்குகின்றது. பின்னர் மதுவம் என்னும் நுண்ணுயிர் அச்சீனியை அற்ககோலாக மாற்றுகின்றது. ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சீனி இருந்தால் 1 வீத அற்ககோல் கிடைக்கும். 200 கிராம் இருந்தால் ஏறத்தாழ 12 வீதம். வெயில் குறைந்த ஆண்டில் சீனி குறையும். இரசம் வலுவற்றதாகும், நெடுநாள் நில்லாது.

இரண்டாவது புளிப்பு. காயில் புளிப்பு நிறைந்திருக்கும். பழுக்கும்போது அது படிப்படியாகக் குறையும். வெப்பம் கூடினால் விரைவாகக் குறையும். இரவு குளிர்ந்தால் ஓரளவு தங்கும். அளவான புளிப்பே இரசத்திற்குச் சுவையையும் ஆயுளையும் கொடுக்கின்றது.

மூன்றாவது தோலிலுள்ள நிறமும் துவர்ப்பும். சிறிய பழத்தில் சாற்றின் அளவோடு பார்க்கும்போது தோல் அதிகம். அதனால் வரட்சியான ஆண்டில் பழம் சிறுத்தாலும் இரசம் அடர்த்தியாக இருக்கும்.

நான்காவது தண்ணீர். அறுவடைக்குச் சற்று முன் பெருமழை பெய்தால் வேர் தண்ணீரை இழுக்கும். பழம் பருத்து, சுவை ஐதாகி, சிலவேளை தோல் வெடித்துவிடும்.

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று அளவாக அமைந்த ஆண்டே நல்ல ஆண்டு எனப்படுகின்றது. விளைச்சல் மிகுந்த ஆண்டு எல்லாம் நல்ல ஆண்டு அன்று என்பதைக் கவனிக்கவும்.

2. கொடியின் ஓராண்டு

உதாரணமாகப் பிரான்சு நாட்டின் கிழக்கிலுள்ள பேர்கண்டிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே 'போன்' என்ற சிறு நகரம் உண்டு. அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பல நூற்றாண்டுகளாக முந்திரிகை பயிராகின்றது.

குளிர்காலம்: கொடி இலையுதிர்ந்து உறங்கும். மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் கமக்காரர் கொடியைக் கத்தரிப்பர். உறங்கும் கொடி கடுங்குளிரைத் தாங்கும். மிகக் கொடிய குளிர் வந்தால் மாத்திரமே கட்டையும் மடியும்.

ஏப்பிரல்: நாளின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியசைத் தாண்டும்போது கொடி விழித்து அரும்பு விடும். ஆண்டின் முதல் ஆபத்து இதுவே. பச்சைத் தளிரில் பெரும்பகுதி தண்ணீர். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் இரண்டொரு பாகை இறங்கினாலே தளிர் கருகிவிடும். கருகிய இடத்தில் பின்னர் வேறு அரும்பு வரலாம். ஆனால் அதில் காய் குறைவு.

யூன்: பூக்கும் காலம். முந்திரிகைப் பூ மிகச் சிறியது. அந்த ஓரிரு கிழமைகளில் குளிரும் மழையும் வந்தால் பூ காய் பிடியாமல் உதிரும். குலையில் பாதி வெறுமையாகும். அல்லது பெரிய பழத்திற்கிடையே விதையில்லாத சிறு காய்கள் கலந்து நிற்கும். ஆண்டின் விளைச்சல் அளவு பெரும்பாலும் இங்கேயே முடிவாகின்றது. பூத்த நாளிலிருந்து ஏறத்தாழ 100 நாளில் அறுவடை என்பது அவ்வூராரின் பழைய கணக்கு.

யூலை, ஓகஸ்ட்: காய் பருத்து நிறம் மாறும். அளவான வெயில் வேண்டும். சிறு மழை ஒன்றிரண்டு பெய்தால் நன்று. வெப்பம் 35 பாகையைத் தாண்டி நெடுநாள் நின்றால் கொடி தண்ணீரைக் காக்க இலையின் துவாரங்களை மூடிக்கொள்ளும். அப்பொழுது வெயில் இருந்தும் சீனி ஆக்கப்படாது. பழம் வெந்து வாடும்.

செப்டெம்பர்: பழுத்து முடியும் காலம். கமக்காரருக்கு மிகவும் கடினமான காலமும் இதுவே. இன்னும் நான்கு நாள் விட்டால் சீனி கூடும். ஆனால் அந்த நான்கு நாளில் மழை வந்தால் பழம் வெடிக்கும். சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்துக் குலை அழுகும். இன்று பறிப்பதா, பொறுப்பதா? ஓராண்டு உழைப்பு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தங்கி நிற்கும்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலை முதல் மாலை ஐந்து மணி வரை திரும்பத் திரும்பச் சந்தைக்குப் போய்க் கூலியாட்களை அழைத்து வருகின்றார். அவர் அவ்வாறு ஓடியதற்குக் காரணம் அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் மழைக்கு முன் வெங்காயம் கிண்டி எடுக்க ஆள் தேடி அலைந்தவர்களுக்கு அந்தத் தோட்டக்காரரின் அவசரம் புதிதாக இராது.

3. சில ஆண்டுகளின் கதை

1709: தை மாதத்தில் ஐரோப்பாவெங்கும் பெருங்குளிர். பிரான்சின் பல பகுதிகளில் உறங்கிக் கொண்டிருந்த கொடிகளே கட்டையோடு மடிந்தன. கொடியை இழந்தவர் ஓராண்டு விளைச்சலை மாத்திரம் இழப்பதில்லை. புதுக் கொடி நட்டு, அது காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

1816: இதற்கு முந்திய ஆண்டு ஏப்பிரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் வான்வெளியில் பரவி வெயிலை மறைத்தன. மேற்கு ஐரோப்பாவில் 1816 கோடையற்ற ஆண்டாயிற்று. முந்திரிகை ஒக்டோபர் வரை நின்றும் சரியாகப் பழுக்கவில்லை. உலகின் ஒரு மூலையில் நடந்தது மறு மூலையிலுள்ள தோட்டத்தைத் தாக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1956: தை மாதம் இளஞ்சூடாக இருந்தது. மாசியில் திடீரெனக் குளிர் இறங்கியது. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோப் பகுதியில் பெருந்தொகையான கொடிகள் மடிந்தன.

1961: அதே போர்தோவில் பூக்கும் காலத்தில் குளிர் வந்து பூ உதிர்ந்தது. கமக்காரர் கவலைப்பட்டனர். ஆனால் எஞ்சிய சில குலைகளுக்குக் கொடியின் உணவு முழுவதும் போய்ச் சேர்ந்தது. கோடையின் பிற்பகுதியும் வரண்டு வெயிலாக இருந்தது. விளைச்சல் சிறிது. தரமோ அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று எனப் பெயர் பெற்றது.

2003: ஓகஸ்டில் ஐரோப்பாவில் கொடிய வெப்பம் நிலவியது. பேர்கண்டியில் வழமையாகச் செப்டெம்பரில் நடக்கும் அறுவடை ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே தொடங்கியது. பழத்தில் சீனி மிகுந்தது, புளிப்புப் போதவில்லை. வழமையாக அங்கே அனுமதிக்கப்படாத புளிப்புச் சேர்க்கைக்கு அவ்வாண்டு விசேட அனுமதி வழங்கப்பட்டது.

2021: பங்குனிக் கடைசியில் அசாதாரணமான சூடு. கொடிகள் முந்தி விழித்துத் தளிர் விட்டன. ஏப்பிரல் முதற் கிழமையிலும் அதை அடுத்தும் உறைபனி இறங்கியது. பிரான்சின் முந்திரிகை இரச உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இங்கே தீங்கு செய்தது குளிர் மாத்திரமன்று. அதற்கு முன் வந்த காலந்தவறிய சூடுமாகும். கொடி உறங்கிக் கொண்டிருந்திருந்தால் அந்தக் குளிரைத் தாங்கியிருக்கும்.

இவ்வாண்டுகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெரிகின்றது. வெயில் நல்லது, மழை தீயது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தப் பருவத்தில் வந்தது என்பதே கேள்வி. ஓகஸ்டில் உதவும் அதே மழை செப்டெம்பரில் அழிக்கும். எமது நெல்லுக்கும் இது பொருந்தும். குடலைப் பருவத்தில் நாம் வேண்டி நின்ற மழையே, கதிர் முற்றியபின் வந்தால் கண்ணீரை வரவழைக்கும்.

4. கமக்காரர் செய்யக்கூடியவை

வானிலையை மாற்ற எவராலும் இயலாது. ஆனால் அதன் தாக்கத்தைக் குறைக்கப் பல வழிகளை அவர்கள் கண்டனர்.

இடத்தைத் தெரிதல்: குளிர் காற்றுப் பாரமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். ஆகவே பள்ளத்தில் உறைபனி அதிகம். மலை உச்சியில் காற்று அதிகம், மண் குறைவு. நடுச் சரிவே சிறந்தது. மழைநீரும் அங்கே தேங்காது. 1098இல் தொடங்கப்பட்ட சித்தோ மடத்தின் துறவிகள் பேர்கண்டியில் நிலம் பெற்றுத் துண்டு துண்டாக அதன் இயல்பைக் கற்றனர். அவர்கள் மதில் கட்டிய வூஜோ தோட்டம் இன்றும் உண்டு. அதன் பரப்பளவு ஏறத்தாழ 50 ஹெக்டேயர்.

உறைபனியைத் தடுத்தல்: கொடி வரிசைகளுக்கிடையே இரவில் பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றிக் காற்றைச் சூடாக்குவர். சாப்லி என்னும் இடத்தில் தளிர்களின் மேல் இரவு முழுவதும் தண்ணீர் தெளிப்பர். தண்ணீர் உறையும்போது சிறிது வெப்பத்தை வெளிவிடும். அதனால் பனிக்கட்டிக்குள் இருக்கும் தளிர் கருகாது தப்பும். ஆனால் தெளிப்பை இடையில் நிறுத்தக்கூடாது.

நோயைத் தடுத்தல்: மழையும் சூடும் சேர்ந்தால் இலையின் கீழ்ப்புறத்தில் வெண்பூஞ்சணம் படரும். இந்நோய் 1870களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. 1882இல் மில்லார்தே என்ற தாவரவியலாளர் போர்தோப் பகுதியில் வீதியோரக் கொடிகளைக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, அவற்றின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். மற்றக் கொடிகளின் இலைகள் உதிர்ந்து போக, இவை பச்சையாக நின்றன. அவர் ஆராய்ந்து 1885இல் அம்முறையை வெளியிட்டார். எமது தோட்டங்களில் நாம் அறிந்த போர்டோக் கலவை இதுவே. அதன் பெயர் அந்த ஊரின் பெயர். கள்வருக்குப் பயந்து தெளித்த ஒன்று உலகமெங்கும் மருந்தாயிற்று. கவனித்துப் பார்த்த ஒருவர் இருந்தபடியால்.

குறையை நிரப்புதல்: வெயில் குறைந்த ஆண்டில் புளிக்க விடுமுன் சாற்றில் சீனி சேர்க்கும் முறையைச் சப்தால் என்ற இரசாயனவியலாளர் 1801இல் பரப்பினார். அதற்கும் அளவு உண்டு, சட்டம் உண்டு. சீனியைக் கூட்டலாம், பழத்தின் சுவையைக் கூட்ட முடியாது.

சேமித்து வைத்தல்: வடக்கே குளிர்ந்த சம்பாஞ் பகுதியில் நல்ல ஆண்டின் இரசத்தில் ஒரு பங்கை விற்காமல் வைத்திருப்பர். மோசமான ஆண்டில் அதைக் கலந்து சமப்படுத்துவர். அவ்வாறு கலந்த போத்தலில் ஆண்டு எழுதப்படுவதில்லை. நல்ல போகத்தில் விதைநெல்லும் உணவுநெல்லும் ஒதுக்கிவைத்த எமது மூத்தோரின் வழக்கம் இதுதான்.

5. எழுதி வைத்தவர்கள்

எல்லாவற்றிலும் மேலாக அவர்கள் செய்த ஒன்று உண்டு. அவர்கள் எழுதி வைத்தார்கள்.

முற்காலத்தில் பிரான்சில் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய நாளில் பழம் பறிக்க முடியாது. பழம் பழுத்ததை அறிந்தோர் தோட்டங்களைப் பார்வையிட்டபின் ஊரதிகாரிகள் அறுவடை நாளைப் பகிரங்கமாக அறிவிப்பர். அந்நாள் நகர ஏட்டில் பதியப்பட்டது. ஆலயத்திற்கும் தோட்டங்கள் இருந்தன. பழம் பறித்த கூலியாட்களுக்குக் கொடுத்த கூலி நாளோடு கணக்கேட்டில் பதியப்பட்டது. எழுதியவர்கள் வானிலை ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. கூலிக் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றே எழுதினர்.

பழம் முந்திப் பழுத்தால் அது சூடான ஆண்டு. பிந்தினால் குளிர்ந்த ஆண்டு. ஆகவே அறுவடை நாள், வெப்பமானி இல்லாத காலத்தின் வெப்பமானியாகும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லுருவா லதுரி 1967இல் வெளியிட்ட தமது நூலில் இத்தகைய நாள்களைக் கொண்டு பழைய காலநிலையை விளக்கினார். பின்னர் போன் நகரின் ஏடுகளை ஆராய்ந்தவர்கள் 1354 முதல் 2018 வரையுள்ள அறுவடை நாள்களை ஒழுங்குபடுத்தி 2019இல் வெளியிட்டனர். 664 ஆண்டுகளின் கணக்கு அது.

அக்கணக்குச் சொல்வது என்ன? 1354 முதல் 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டெம்பர் 28. 1988 முதல் அது சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. அறுநூறு ஆண்டுக்கு மேலாக ஊராருக்குப் பழகிப்போன நாள் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. பாட்டனார் சொன்ன நாளில் கத்தியை எடுத்தவர் பழம் கடந்துபோயிருக்கக் கண்டார். மூதாதையரின் அறிவு பிழையானதன்று. அவர்கள் அறிந்த வானிலைக்கு அது சரியாக இருந்தது. வானிலை மாறியது என்பதை நிச்சயமாகச் சொல்வதற்கும் அவர்கள் எழுதிய ஏடே சாட்சியாயிற்று.

6. எமது மண்ணில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பந்தலில் படரும் முந்திரிகையும் இதே இனந்தான். ஆனால் இங்கே குளிர்காலம் இல்லை, கொடி உறங்குவதில்லை. ஆகவே அதை எழுப்புவது ஏப்பிரல் வெயில் அன்று, கமக்காரரின் கத்தி. இலையை அகற்றிக் கொடியைக் கத்தரித்தால் புதுத் தளிரும் பூவும் வரும். கத்தரித்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். ஆண்டில் இரண்டு அறுவடையும் எடுக்கலாம்.

இதனால் பேர்கண்டிக் கமக்காரருக்கு இல்லாத ஒரு வசதி எமக்கு உண்டு. பழம் எந்த மாதத்தில் பழுக்க வேண்டும் என்பதைக் கத்தரிக்கும் நாளைக் கொண்டு ஓரளவு தீர்மானிக்கலாம். குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கின்றது. அம்மாதங்களில் பழம் முற்றினால் வெடிப்பும் பூஞ்சணமும் நிச்சயம். மழை எப்பொழுது ஓயும் என்பதை அறிந்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கத்தரிக்க வேண்டும். ஆனால் மழை ஓயும் நாள் எது? சோளகம் எப்பொழுது எழும்பும்? வாடை எப்பொழுது திரும்பும்? இவற்றை எம்மில் பலர் தலையில் வைத்திருந்தோமேயன்றித் தாளில் வைக்கவில்லை.

இங்கேதான் இடம்பெயர்ந்த எமக்கு இரட்டை இழப்பு. காணியை விட்டு வந்தோம். அந்தக் காணியைப் பற்றிய அறிவும் அதை அறிந்த மூத்தோரோடு மறைந்து கொண்டிருக்கின்றது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் காணிகளில் ஒரு பகுதி பல ஆண்டுகளின் பின் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. திரும்பிப் போன பிள்ளைகளுள் சிலருக்குத் தகப்பனாரின் தோட்ட எல்லையே தெரியவில்லை. எந்தப் பக்கம் மழைநீர் தேங்கும், எந்தக் கிணறு கோடையில் உவராகும் என்பவற்றை யாரிடம் கேட்பது?

பேர்கண்டியில் சிறு சிறு தோட்டத் துண்டுகள் ஒவ்வொன்றிற்கும் பழங்காலத்திலிருந்து தனிப் பெயர் உண்டு. 2015இல் அத்தோட்டத் துண்டுகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எமது உறுதிகளைத் திறந்து பாருங்கள். புலம், வளவு, தறை, அடைப்பு என்று முடியும் பெயர்கள் எமது ஒவ்வொரு காணிக்கும் உண்டு. இரண்டு பரப்பானாலும் பெயர் உண்டு. அப்பெயர் உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

7. குறிப்பேடு தொடங்குவோம்

இதற்குப் பெரிய செலவில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். அதை இரு பகுதியாகப் பிரியுங்கள்.

முதற் பகுதி, விட்டு வந்த காணி:

(அ) காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், கிணறு இருந்த பக்கம்.

(ஆ) என்ன மண், எங்கே வெள்ளம் நின்றது, எங்கே முதலில் வாடியது.

(இ) எந்தப் பயிரை எந்த மாதத்தில் நட்டீர்கள், எப்பொழுது எடுத்தீர்கள்.

(ஈ) நல்ல ஆண்டு எது, கெட்ட ஆண்டு எது, ஏன்? ஆண்டு நினைவில்லாவிட்டால் தெரிந்த நிகழ்வோடு சேர்த்து எண்ணுங்கள். 1964 டிசெம்பர்ப் புயல், 1978 நவம்பர்ச் சூறாவளி, பிள்ளையின் முதல் நற்கருணை, மூத்த மகளின் கலியாணம் என்று ஒன்றைப் பிடித்தால் மற்றது வரும்.

வயதானவர்கள் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். அப்பு ஆச்சி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாம் பகுதி, இப்பொழுது இருக்கும் இடம். குத்தகைக் காணியாக இருக்கலாம், உறவினர் வளவாக இருக்கலாம், வாசலிலுள்ள நான்கு மிளகாய்க் கன்றாக இருக்கலாம். கன்று நட்ட நாள், பூத்த நாள், காய் பறித்த நாள், நோய் கண்ட நாள் ஆகியவற்றை எழுதுங்கள். காற்றுத் திரும்பிய நாளையும் எழுதுங்கள்.

மழையை அளக்கப் பக்கம் நேரான, அடி மட்டமான ஒரு தகரப் பேணியை வெளியான இடத்தில் அசையாமல் வையுங்கள். மரத்தின் கீழோ கூரையோரமோ வைக்கக்கூடாது. தினமும் காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதி, பேணியைக் கவிழ்த்து வெறுமையாக்கி மீண்டும் வையுங்கள். 1 மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர் தண்ணீர். 25 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு பரப்புக் காணியில் ஏறத்தாழ 6,300 லீற்றர் தண்ணீர் விழுந்ததாகும். அன்று இறைப்புத் தேவையா இல்லையா என்பதை இதைக் கொண்டு தீர்மானிக்கலாம், மண்ணெண்ணெயும் மிச்சமாகும்.

ஓராண்டுக் குறிப்பால் அதிகம் தெரியாது. மூன்றாண்டானால் ஒப்பிடலாம். பத்தாண்டானால் எது வழமை, எது புதுமை என்று சொல்லலாம். நாம் திரும்பிப் போகும்போது, அல்லது எமது பிள்ளைகள் போகும்போது, வானிலையும் பழையபடி இராது. பாட்டனார் சொன்ன நாளும் வேண்டும். இன்று அளந்த நாளும் வேண்டும். இரண்டையும் ஒப்பிடுபவரே சரியான நாளில் கத்தியை எடுப்பார்.

போன் நகரில் கூலிக் கணக்கு எழுதியவர், தமது எழுத்தை அறுநூறு ஆண்டின் பின் ஒருவர் வாசிப்பார் என்று எண்ணியிருக்க மாட்டார். அன்றைய நாளை அன்றே எழுதினார், அவ்வளவுதான். காணியை மடித்து எடுத்துக்கொண்டு ஓட முடியாது என்பதை நாம் பட்டறிந்தவர்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு போகலாம். உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை வைத்திருக்கும் அதே பையில் இதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் பயிர்களில் மழை மிகவும் வேண்டிய நாள்கள் எவை? மழை வரக்கூடாத நாள்கள் எவை?

2. விளைச்சல் குறைந்தும் தரம் நன்றாக இருந்த போகம் ஒன்றை நினைவுகூர முடியுமா? காரணம் என்ன?

3. உங்கள் பெற்றோர் நட்ட மாதத்திலேயே இன்றும் நட முடிகின்றதா? மாறியிருந்தால் எவ்வளவு?

4. உங்கள் குழுவில் மிகவும் வயதானவர் யார்? அவருடைய காணியின் பெயரையும் எல்லைகளையும் இந்தக் கிழமையே எழுதி முடிக்க யார் பொறுப்பெடுப்பார்?